மரூஉ என்ற சொல்லில் நாம் செய்யும் தவறுகள்

தண்டையார்பேட்டையில் மாலை வேளைகளில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். குரூப் 4 பாடத்திட்டத்தில் 'ஊர்ப் பெயர்களின் மரூஉவை எழுதுக' என்று ஒரு பகுதி உண்டு. தஞ்சாவூருக்குத் தஞ்சை, கோயம்புத்தூருக்குக் கோவை என்று எல்லோரும் மடமடவென எழுதிவிடுகிறார்கள். மரூஉ என்றால் என்ன என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடுகிறது.

முதலில் எழுத்து. மரூ, மருஉ, மருவு என்று பலவிதமாக எழுதுகிறார்கள். சரியான வடிவம் மரூஉ. கடைசியில் நிற்கும் உகரம் தனி ஒலியன்று, 'ரூ' இன்னும் சற்று நீள்கிறது என்பதைக் காட்டும் அளபெடை. குழூஉ, ஆடூஉ, மகடூஉ எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள்.

எழுத்துப் பிழையை ஒரு நாளில் திருத்திவிடலாம். பொருளில் நேரும் பிழைதான் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொள்கிறது. மரூஉ என்றால் 'சிதைந்த சொல்' என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். மருவுதல் என்றால் தழுவுதல், கலத்தல், பழகுதல். பழகிப் பழகி உருமாறிய சொல்லே மரூஉ. நன்னூல் வழக்கை ஆறாகப் பிரிக்கிறது. அதில் இயல்பு வழக்கின் கீழ் இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ மூன்றும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. 'என் தந்தை' எந்தை ஆனதையும், 'அருமருந்தன்ன பிள்ளை' அருமந்த பிள்ளை ஆனதையும் நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் மரபில் யாரும் குற்றமாகப் பார்க்கவில்லை. அந்த ஆறில் 'கொச்சை' என்று ஒரு வகையே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கொச்சையைப் பற்றிப் பேச்சு வந்தாலே எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு முகம் சுருங்கும். காசிமேட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "நாங்கள் பேசுவதெல்லாம் மரூஉ என்று எழுதலாமா ஐயா?" என்று கேட்டாள். எழுதக் கூடாது. 'குந்திக்கினு' என்பது 'குந்திக்கொண்டு' என்பதன் பேச்சு வடிவம். எழுத்து வழக்கு அதை இன்னும் ஏற்கவில்லை, ஆகவே மரூஉ என்று விடை எழுதினால் மதிப்பெண் போகும். நாஸ்தா, பேஜார் இரண்டும் பாரசீகத்தில் பிறந்து உருது வழியாக வந்தவை. துட்டு டச்சுக்காரர்களின் நாணயப் பெயர். இவை எதிலிருந்தும் தேய்ந்தவை அல்ல, வெளியிலிருந்து வந்து குடியேறியவை. தமிழ் வழங்காத நிலங்களிலிருந்து வரும் சொல்லையும் நன்னூல் திசைச்சொல் என்றே சேர்த்துக்கொள்கிறது. சாவியும் ஜன்னலும் திசைச்சொல் என்று பாடப்புத்தகம் மரியாதை தரும்போது நாஸ்தாவுக்கு மட்டும் ஏன் முகச்சுளிப்பு? கஸ்மாலமோ வடசொல். கீதையின் 2ஆம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ச்சுனனைக் கடிந்துகொள்ளும்போது வரும் 'கஸ்மலம்'தான் அது. இதைக் கேட்டபோது அந்த மாணவி சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

அடுத்த தவறு, இப்போதைய ஒலியை வைத்துக் கதை கட்டுவது. தண்டை அணிந்தவர் வாழ்ந்ததால் தண்டையார்பேட்டை என்று ஒரு விடைத்தாளில் படித்திருக்கிறேன். தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்த சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு இங்கே வந்து தங்கினார். அவரைத் தொண்டியார் என்று அழைத்ததால் இது தொண்டியார்பேட்டை ஆனது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ரயில் நிலையப் பலகையில் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்துப் பாருங்கள், 'தொ' இன்னும் அங்கே இருக்கிறது. திருவொற்றியூரின் காலடிப்பேட்டையிலும் எந்த மகானின் காலடியும் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆங்கிலேயக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை அது. அவர் பெயர் நம் வாயில் காலடி ஆயிற்று. மூலச்சொல்லைக் காட்ட முடியாதவரை ஒன்றை மரூஉ என்று சொல்லாமலிருப்பது நல்லது.

திருவொற்றியூரை ஒற்றியூர் என்பது மரூஉ அல்ல. 'திரு' என்பது அடைமொழி, தேவாரத்திலேயே வெறும் ஒற்றியூர் வருகிறது. டி.எச். ரோடு, ஆர்.கே. நகர் எல்லாம் தலைப்பெழுத்துச் சுருக்கங்கள். 'இல்முன்' என்பது முன்றில் ஆனது இடம் மாறியதால், அது இலக்கணப்போலி. வண்ணை என்று பார்த்தவுடன் நம் வண்ணாரப்பேட்டைதான் என்றும் முடிவு கட்ட வேண்டாம். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைக்கும் அதே பெயர்தான்.

கடைசியாக, விடைக்குறிப்புகளிலேயே இருக்கும் ஒரு சிக்கல். கும்பகோணத்தின் மரூஉ குடந்தை என்று அச்சிடுகிறார்கள். கும்பகோணம் என்ற ஒலி எப்படித் தேய்ந்தாலும் குடந்தை ஆகாது. ஆழ்வார்கள் பாடியதே திருக்குடந்தை, அது அந்த ஊரின் பழைய பெயர். ஆனால் தேர்வறையில் இந்த வழக்கைத் தொடுக்காதீர்கள். குடந்தை என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். சண்டையை மாலை வகுப்பில் வைத்துக்கொள்ளலாம்.