ஃபாரன்சிக் பாடம் எடுக்கும் முன்

அமெரிக்க ஹைஸ்கூலில் ஃபாரன்சிக் சயின்ஸை, அதாவது குற்றத் தடயங்களை ஆராயும் அறிவியலை, விருப்பப் பாடமாக எடுக்கப் போகிறீர்களா? முதலில் பள்ளியில் பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் கவுன்சிலரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: இது ஆய்வகத்தோடு சேர்ந்த அறிவியல் பாடமாகக் கணக்கில் வருமா, இல்லை வெறும் எலெக்டிவ் (விருப்பப் பாட) கிரெடிட் மட்டும்தானா? பள்ளிக்குப் பள்ளி மாறும், கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது இடிக்கும்.

அப்புறம், டிவி சீரியல் மாதிரி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், நிறைய நேரம் அளப்பதும் குறித்துவைப்பதும்தான், அதுதான் இந்தப் பாடத்தின் அருமையே. ரத்தத்துளிக் கறையை எடுத்துக்கொள்ளுங்கள். அகலத்தை நீளத்தால் வகுத்தால் வருவது, துளி வந்து மோதிய கோணத்தின் (துளியின் பாதைக்கும் பரப்புக்கும் இடையிலான கோணம்) சைன் மதிப்பு. அகலம் 5 மி.மீ., நீளம் 10 மி.மீ. என்றால் 0.5, அதாவது 30 டிகிரி. சமதளத்தில் நேர் மேலிருந்து விழுந்தால் கறை வட்டமாக இருக்கும். கறையின் முனையில் மெல்லிய வால் ஒன்று நீளும், அதை நீளத்தில் சேர்க்கவே கூடாது, சேர்த்தால் கோணம் குறைவாகத்தான் வரும்.

வகுப்பு தொடங்குமுன் வீட்டிலேயே பழகலாம். கார்ன் சிரப்பில் கொஞ்சம் தண்ணீரும் சிவப்புச் சாயமும் கலந்து, வழவழப்பான அட்டையைத் தரையிலிருந்து 60 டிகிரி சாய்த்து, மேலிருந்து ஒரு சொட்டு விடுங்கள். சொட்டு நேர் கீழே விழுவதால் அட்டையோடு அது சேரும் கோணம் 90-லிருந்து 60 போக மீதி, ஆகவே கறையை அளந்தால் 30 டிகிரிக்குப் பக்கத்தில் வர வேண்டும். கைரேகைக்கு இன்னும் சுலபம், பென்சில் கிறுக்கலில் விரலைத் தேய்த்து, செல்லோடேப்பில் ஒற்றி, வெள்ளைத்தாளில் ஒட்டுங்கள். வீட்டில் எல்லோருடையதையும் எடுத்தால் பெரும்பாலும் லூப்தான் (ஒரு பக்கமாக வந்து வளைந்து அதே பக்கம் திரும்பும் ரேகை) கிடைக்கும், ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் வில் வடிவம் அபூர்வம்.