சிங்கப்பூரில் கிண்டி முன்னாள் மாணவர் கூட்டம்: உரையும் விருந்தும் நடத்தும் முறை

யாரையெல்லாம் அழைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சென்னையின் கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. அது இப்போது சேர்ந்திருக்கிற அண்ணா பல்கலைக்கழகம் வந்ததோ 1978-இல்தான். அதற்கு முன் முடித்தவர்கள் கையில் இருப்பது சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம். பதிவுப் படிவத்தில் "அண்ணா பல்கலைக்கழக மாணவரா?" என்று கேட்டால் மூத்தவர்கள் "இது நமக்கில்லை" என்று மூடிவிடுவார்கள். கல்லூரி, பிராஞ்ச், முடித்த ஆண்டு, இந்த மூன்றும் போதும். அதே பல்கலைக்கழகத்தின் ஏசி டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), குரோம்பேட்டை எம்ஐடி (மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி) ஆட்களும் வரலாமா என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். குழு 10 பேரோ அதற்கு மேலோ கொண்டு நிலையாக இயங்கினால் சங்கமாகப் பதிவு செய்ய வேண்டும்.

ஜூனிலும், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடியவும் பள்ளி விடுமுறை. பல குடும்பங்கள் ஊருக்குப் போயிருக்கும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரமும் சீனப் புத்தாண்டு வாரமும் வேண்டாம். பொங்கலை ஒட்டிய சனிக்கிழமை நன்றாகக் கூடும். அடுத்தது ஜூலை முதல் செப்டம்பர் வரை. ஆண்டுக்கு இரண்டு உரை, ஒரு குடும்ப விருந்து. அதற்கு மேல் போனால் ஏற்பாட்டுக் குழுவே களைத்துவிடும்.

பேச்சாளரைத் தனியாக வரவழைக்கத் தேவையில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கோ நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கோ மாநாட்டுக்கு வருகிற பேராசிரியரை ஆறு வாரம் முன்பே கேட்டு, ஒரு நாள் கூடுதலாகத் தங்கச் சொல்லலாம். சென்னையிலிருந்து இரவு விமானத்தில் வருபவரை அன்று காலையே மேடையேற்றாதீர்கள். இணைய வழி உரையென்றால் இரண்டரை மணி நேர வித்தியாசம் உண்டு: இங்கே இரவு 8 என்றால் சென்னையில் மாலை 5.30. அழைப்பில் இரண்டு நேரத்தையும் போடுங்கள். நேரில் பேச வருகிற வெளிநாட்டவர் பற்றி மனிதவள அமைச்சின் விதிகளை முன்கூட்டியே பாருங்கள். மதம், இனம், அரசியல் தொட்ட பேச்சுக்குத் தனி அனுமதி வேண்டும்.

தலைப்பைக் குறுக்க வேண்டியது உங்கள் வேலை. "உள்கட்டமைப்பின் எதிர்காலம்" என்றால் யாரும் நிமிர்ந்து உட்கார மாட்டார்கள். "சென்னை மெட்ரோ சுரங்கத்தில் பாறையும் மண்ணும் கலந்த இடத்தை எப்படித் துளைத்தார்கள்" என்றால் சிவிலும் வருவார், கம்ப்யூட்டர் சயின்ஸும் வருவார். உரை 35 நிமிடம், கேள்வி 25 நிமிடம். முதல் இரண்டு கேள்விகளை இளையவர்களிடம் முன்பே ஒப்படைத்துவிடுங்கள். இல்லையென்றால் சீனியர் ஒருவர் மைக்கை வாங்கித் தனி உரையே நிகழ்த்திவிடுவார். ஜூனியர்கள் அன்று முழுக்க வாய் திறக்க மாட்டார்கள்.

ஸ்லைடுகளை முந்தைய நாளே வாங்கி, பிடிஎஃப் பிரதியும் கேளுங்கள். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தமிழ் தட்டியிருந்தால் கூட்டம் நடக்கிற சமூக மன்றத்துக் கணினியில் வெறும் குறிகளாகத் தெரியும். எச்டிஎம்ஐ கம்பி, டைப்-சி அடாப்டர், மைக்குக்கு மாற்று பேட்டரி ஆகியவற்றை ஒரே பையில் போட்டு ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

பெயர் அட்டையில் பெயரைக் கை நீளத் தூரத்தில் படிக்கும் அளவுக்குப் பெரிதாக அச்சிடுங்கள். கீழே "மெக்கானிக்கல், 1998" என்று மட்டும். பதவியும் நிறுவனமும் வேண்டாம். அவை இருந்தால் வேலை தேடுகிறவர்கள் இரண்டு பேரைச் சுற்றி நிற்பார்கள், மற்றவர்கள் தனியாக நிற்பார்கள். ஆண்டு தெரிந்தால் "எந்த ஹாஸ்டல்?" என்று பேச்சு தானாகத் தொடங்கும்.

இலவசம் என்று அறிவித்தால் வருகிறேன் என்றவர்களில் கணிசமானவர்கள் வர மாட்டார்கள். 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) முன்பணம் வாங்கினால் எண்ணிக்கை நிலைக்கும். கேட்டரருக்கு ஐந்து நாள் முன்பு இறுதி எண்ணிக்கை கொடுங்கள், சைவம் எத்தனை என்று பிரித்து. உணவோடு வருகிற ஸ்டிக்கரைக் கட்டாயம் பாருங்கள்: இந்த நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கவும் என்று அதில் மணி போட்டிருக்கும். 11 மணி உரைக்கு 10 மணிக்கே சாப்பாட்டை இறக்கிவிட்டு, உரையும் நீண்டு, பேச்சும் நீண்டால், மிச்சத்தை யாருக்கும் கட்டிக் கொடுக்க முடியாது. 12 மணிக்கு இறக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபத்தை இன்னும் ஒன்றரை மணி நேரம் வைத்திருங்கள். முகம் தெரியாதவர்கள் நண்பர்களாவது அந்த நேரத்தில்தான்; வாடகையில் இதை மிச்சம் பிடிக்காதீர்கள்.

குடும்ப விருந்துக்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா நல்ல இடம். பார்பிக்யூ அடுப்பை முன்பதிவு செய்ய வேண்டும். சைவத்துக்கு ஒன்று, அசைவத்துக்கு ஒன்று என இரண்டு அடுப்பு எடுங்கள். ஒரே கம்பி வலையில் பனீரையும் கோழியையும் வைத்தால் பலர் தொட மாட்டார்கள். கரி நன்கு கனன்று சாம்பல் பூக்க அரை மணிக்கு மேலாகும், குழந்தைகள் பசிக்கும் முன்பே மூட்டிவிடுங்கள். மழைக்கு ஒதுங்கக் கூரை பக்கத்தில் இருக்கிற அடுப்பாகப் பாருங்கள்.

பேச்சாளருக்கு நன்றிக் கடிதம் மறுநாளே போகட்டும், இரண்டு படங்களோடு. வரவு செலவை அந்த வாரமே எல்லாருக்கும் அனுப்புங்கள், ரசீதுகளின் படம் உட்பட.