கடற்கரை ஊர்களில் உள்வடிவமைப்புத் திட்டம்: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பனில் ஒரு வீட்டின் படுக்கையறை அலமாரியைத் திறந்தபோது அதன் கதவு என் கையோடு வந்துவிட்டது. கீலைப் பிடித்திருந்த திருகாணிகள் துருவேறி, விரலால் தேய்த்தாலே உதிர்ந்தன. அவை இறங்கியிருந்த இடத்தில் பலகை, தேநீரில் நனைத்த ரஸ்க்கைப் போல ஊதிப்போயிருந்தது. அலமாரி செய்து இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. அதை வரைந்தவர் மைக்காவின் நிறத்தையும் கைப்பிடியையும் நன்றாகவே தேர்ந்திருந்தார். உப்புக் காற்றை மட்டும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

தொண்டியிலிருந்து ராமேஸ்வரம், கீழக்கரை வழியாக ஏர்வாடி வரையிலான கரையில் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு மாணவர்கள் செய்யும் திட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதவுதான் நினைவுக்கு வருகிறது. வீடோ, விடுதியோ, பொதுக்கூடமோ, எதுவானாலும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான்: இடத்தை அறிவதற்கு முன்பே படம் தயாராகிவிடுகிறது. காலை பதினொரு மணிக்கு ஒரே ஒருமுறை போய், டேப் பிடித்து, இருபது புகைப்படங்கள் எடுத்துத் திரும்பிவிட்டால் சுவரின் நீளம் தெரியும். அந்தச் சுவருக்குள் நடக்கும் வாழ்க்கை தெரியாது.

ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றியுள்ள விடுதிகள் வணிக இடத்துக்கான திட்டமாக அடிக்கடி வருகின்றன. வரைபடங்களில் வரவேற்பறைத் தரை கண்ணாடி போல மின்னும். நடுவில் துணியுறை போட்ட சோபா இருக்கும். அதே விடுதியின் வாசலில் விடியற்காலையில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். அக்னி தீர்த்தக் கடலில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக நீர் ஊற்றிக்கொண்டவர்களில் பலர், உடை சொட்டச் சொட்ட, காலில் மணலோடு திரும்பி வருவார்கள். அவர்களில் பாதிப்பேர் முதியவர்களாக இருந்தால் அந்த மின்னும் தரையில் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நனையும் இடத்துக்கு வழுக்கலைத் தடுக்கும் தரமுள்ள ஓடு வேண்டும். ஓட்டின் விவரத்தாளில் ஆர் 9 முதல் ஆர் 13 வரை குறிக்கப்படும் அளவில் எண் கூடக் கூடப் பிடிப்பும் கூடும் என்பதால், வாசலிலும் நடையிலும் ஆர் 11 என்று குறிப்பிடுவது பொருத்தமாக இருக்கும். வாசலுக்கு வெளியே கால் கழுவ ஒரு குழாயும், நீர் வடிய ஒரு வாய்க்காலும், மணலைப் பிடித்துக்கொள்ளும் சொரசொரப்பான கல் பட்டையும் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும்.

அறைக்குள் நிலைமை இன்னும் கடினம். நனைந்த ஐந்தரை மீட்டர் புடவையை நான்காக மடித்துக் காயப்போட்டாலும் அதற்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் நீளக் கம்பி தேவை. மூன்று பெண்களும் இரண்டு ஆண்களும் தங்கும் அறையில் ஈரத்துணிக்கு இடம் ஒதுக்காமல் விட்டால், அது கட்டில் தலைப்பலகையிலும் நாற்காலி முதுகிலும் ஜன்னல் கம்பியிலும்தான் காயும்; மாணவர் இரவெல்லாம் விழித்து வரைந்த தலைப்பலகை ஒரே பருவத்தில் கெட்டுப்போகும். துணி உலர்த்தும் இடத்தை அழகைக் கெடுக்கும் ஒன்றாக நினைத்து ஒளிப்பதைவிட, காற்றோட்டமுள்ள சிறு பால்கனியாக முதலிலேயே வடிவமைப்பது நல்லது.

காற்றின் திசையைக் கேட்காமல் வரைவது அடுத்த தவறு. இங்குள்ள மீனவர்கள் பாக் விரிகுடாப் பக்கத்தை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தைத் தென்கடல் என்றும் பிரித்துச் சொல்வார்கள். ஆடி மாதத்தில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வடக்கிலிருந்து வாடைக் காற்று வீசத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். வடகடல் பக்கமுள்ள அரியமான் கரையில் சிற்றுண்டிக் கடை வரையும் மாணவர் இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், வடக்குப் பார்த்த திறந்த பரிமாறுமேடையை மழைக்காலத்தில் எப்படி மூடுவது என்ற கேள்வியைத் தானே கேட்டுக்கொள்வார். படகு கட்டும் ஆசாரியிடமோ வலை பின்னுபவரிடமோ அரை மணி நேரம் பேசினால் கிடைக்கும் தகவல் இது.

பொருள் தேர்வுக்கு வருவோம். பொருள் பட்டியலில் ‘பிளைவுட்’, ‘எஸ்.எஸ். கைப்பிடி’ என்று மட்டும் எழுதுவது எதையும் எழுதாததற்குச் சமம். சமையலறைக்கும் குளியலறைக்கும் கொதிநீரைத் தாங்கும், ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரக் குறியீடுள்ள பிளைவுட் வேண்டும். வெட்டிய ஓரங்கள் எல்லாவற்றையும் அடைத்து மூட வேண்டும், ஏனெனில் ஈரம் ஓரத்தின் வழியாகத்தான் உள்ளே போகிறது. எஸ்.எஸ். எனப்படும் துருவேறா எஃகில் 304 வகை, கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களுக்குப் போதுமானது. கடலோரத்தில் அதன் மேல் பழுப்புக் கறை படிந்து, பிறகு புள்ளி புள்ளியாக அரிக்கும். 316 வகையில் சேர்க்கப்படும் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் என்ற உலோகம் உப்பின் அரிப்பை நன்றாக எதிர்க்கிறது. விலை கூடுதல்தான். ஆகவே எல்லா இடத்திலும் போடாமல், வெளிக்கதவிலும் கடல் பக்க ஜன்னலிலும் மட்டும் போட்டுச் செலவைக் காட்டும் மாணவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

பொதுக் கட்டடங்களில் அடிக்கடி தவறாகிப்போவது, சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளம். மழைநீருக்கு அஞ்சி அடித்தளத்தை 45 செ.மீ. உயர்த்தியிருப்பார்கள், வாசல் ஓரத்தில் ஒன்றரை மீட்டர் நீளத்தில் சாய்தளம் என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற சரிவில் 45 செ.மீ. ஏற 5.4 மீட்டர் நீளம் வேண்டும். மேலும் கீழும் சக்கர நாற்காலி நின்று திரும்ப ஒன்றரை மீட்டர் தளங்களைச் சேர்த்தால் 8.4 மீட்டர் ஆகிறது. இவ்வளவு இடத்தைக் கடைசி நாளில் தேடினால் கிடைக்காது. முதல் பிளானிலேயே அது நுழைவாயிலின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

வீட்டுத் திட்டங்களில் கணக்கு இன்னும் எளிது, தவறு இன்னும் வலிக்கும். 10 அடி அகல அறையில் 6 அடிக் கட்டிலையும் 2 அடி ஆழ அலமாரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எஞ்சுவது 2 அடி; அலமாரிக் கதவு ஒன்றரை அடி திறந்தால் ஆள் நிற்க அரை அடிதான் மிஞ்சும். கதவு திறக்கும் வளைவையும் ஓர் ஆளின் உருவத்தையும் வரையாத பிளானில் இது தெரியவே தெரியாது.

மீனவக் குடும்பத்தின் சமையலறையை நகரத்து அடுக்குமாடியின் சமையலறையாக வரைவதும் இதே வகைத் தவறுதான். மீனை அரிவாள்மனையில் உட்கார்ந்து ஆய்வார்கள். ஆகவே கொல்லைப்புறத்தில் நீரோடும் தாழ்வான மேடை முக்கியம். குடிநீர் குழாயில் எந்நேரமும் வராத தெருக்களில் குடங்கள் வரிசையாக நிற்கும். 15 லிட்டர் குடம் பத்து என்றால் நீர் மட்டும் 150 கிலோ. அதைத் தாங்கும் கல்மேடையும், குனியாமல் எடுக்கும் உயரமும் வரைபடத்தில் வேண்டும். கீழக்கரையின் பழைய வீடுகளுக்குத் திட்டம் போடுபவர்கள், மணமான மகள் தாய்வீட்டிலேயே வாழும் வழக்கமுள்ள குடும்பங்கள் அங்கு உண்டு என்பதையும், பெண்களின் புழக்கத்துக்குத் தனி வழி தேவைப்படுவதையும் கேட்டறியாமல் சுவர்களை இடித்துத் திறந்த கூடமாக்கிவிடக் கூடாது.

கடைசியாக ஒன்று, இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கடல் சார்ந்த சூழல் வேண்டும் என்று உணவகச் சுவரில் உண்மையான பவளப்பாறைத் துண்டுகளைப் பதிப்பதாக வரைகிறார்கள். இங்குள்ள பழைய வீடுகளின் சுவர்களில் பவளக்கல் இருப்பதைப் பார்த்து அந்த எண்ணம் வந்திருக்கலாம். ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டுவிட்டன. 2001இல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றைச் சேகரிப்பதும் விற்பதும் குற்றம். அந்தச் சுவருக்குப் பனையோலைப் பின்னல் போதும். அதைப் பின்னித் தரும் கைகள் இந்தக் கரையிலேயே இருக்கின்றன. பட்டியலில் அதைச் சேர்க்கும்போது ஓலையின் அகலத்தையும் பின்னலின் வகையையும் பின்னுபவரிடமே கேட்டு எழுதுங்கள்.