50 கிலோ சிமென்ட் மூட்டை: முதுகு கெடாமல் இறக்கி அடுக்கும் முறை

கட்டட வேலைக்குப் புதிதாக வருபவரை முதல் நாளே சிமென்ட் லோடு இறக்க அனுப்பிவிடுகிறார்கள். தூக்கும் முறையை மட்டும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனம் 1991-இல் திருத்தியமைத்த சூத்திரத்தின்படி, எல்லாம் சாதகமாக அமைந்தால்கூட ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோதான். ஆகவே 50 கிலோ மூட்டையை ஒருவரே நாள் முழுவதும் சுமப்பதை எந்த நேர்த்தியான முறையாலும் பாதுகாப்பானதாக்க முடியாது. இருவராகத் தூக்குங்கள், நடக்கும் தூரத்தைத் தள்ளுவண்டிக்கு விட்டுவிடுங்கள்.

முதலில், வழியில் கிடக்கும் ஜல்லி, கம்பித் துண்டுகளை அகற்றிவிட்டு, வண்டியை மூட்டைக்கு மிக அருகில் நிறுத்துங்கள்.

அடுத்தது தூக்குதல், முதுகு பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது. மூட்டையின் இரு முனைகளிலும் ஒருவரை ஒருவர் பார்த்து நின்று, ஒரு காலைச் சற்று முன்வைத்து, முழங்காலை மடக்கி இறங்குங்கள். மூலையை விரல் நுனியால் கவ்வாமல், உள்ளங்கையை அடியில் கொடுங்கள். ஒருவர் குரல் கொடுத்ததும் இருவரும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். ஒருவர் முந்தினால் பாரம் முழுவதும் மற்றவர்மீது சாய்ந்துவிடும். மூட்டை வயிற்றை ஒட்டியே இருக்கட்டும். கணுக்காலுக்கும் கைகளுக்கும் இடையேயுள்ள கிடைத்தூரம் 25 சென்டிமீட்டரிலிருந்து 50 ஆனால், அதே சூத்திரப்படி தூக்கத்தக்க எடை பாதியாகக் குறைகிறது.

திரும்பும்போது பாதங்களை நகர்த்தித் திரும்புங்கள். பாதத்தை ஊன்றியபடி இடுப்பை மட்டும் முறுக்குவது, கீழ்முதுகெலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டுகளை (டிஸ்க்), குனிவதைவிட மோசமாகவே வதைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுக்கும்போது 10 மூட்டை உயரத்தைத் தாண்டாதீர்கள். 8-க்கு மேல் போனால் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மாற்றி மாற்றி வையுங்கள். எடுக்கும்போது மேலிருந்துதான் எடுக்க வேண்டும். அடிமூட்டையை உருவினால் அடுக்கு முழுவதும் ஆள்மேல் சரியும்.

இடுப்பில் பிடித்துக்கொண்டால் வேலையை அப்போதே நிறுத்துங்கள். வலி பிட்டத்திலிருந்து காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, சுளுக்கு எடுப்பவரிடம் போகாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். சிறுநீர் கட்டுப்பாடு தவறினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. பணியிடத்தில் நேர்ந்த காயத்துக்கு இழப்பீடு கோரும் உரிமை 1923-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் சட்டமாகிவிட்டது. எனவே காயம்பட்ட அன்றே மேற்பார்வையாளரிடம் எழுத்தில் தெரிவித்து, மருத்துவச் சீட்டில் அது எப்படி நேர்ந்தது என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள்.