'ரன்' என்னும் மூன்றெழுத்துச் சொல்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகள் கொண்ட 'ரன்' என்ற சொல்லுக்கு, அது வினையாக வரும்போது மட்டும் 645 பொருள்களை ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் தொகுப்பாளர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். அத்தனையையும் யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தமிழ் பேசுவோருக்குப் பெரும்பாலும் தொல்லை தருவது, நம் 'ஓடு' என்ற வினை பாதி வழி வரை அதனோடு சேர்ந்தே வருவதுதான். படம் நூறு நாள் ஓடியது, கடிகாரம் ஓடுகிறது, இன்று பேருந்து ஓடவில்லை என்று நாம் சொல்லும் இடங்களிலெல்லாம் ஆங்கிலத்திலும் 'ரன்' பொருந்திவிடுகிறது. அந்தத் துணிச்சலில் எல்லா இடத்திலும் ஒன்றுக்கு மற்றொன்றைப் போடும்போது கால் இடறுகிறது.

'அதிபர் பதவிக்கு ஓடுகிறார்' என்பது கணினி மொழிபெயர்ப்பை அப்படியே எடுத்தாள்வோரிடம் காணும் தவறு. அமெரிக்க வழக்கில் அங்கே 'ரன்' என்பது போட்டியிடுதல். பிரிட்டனில் வேட்பாளர் ஓடுவதில்லை, நம்மூரைப் போலவே தேர்தலில் 'நிற்கிறார்'.

வங்கிச் செய்திகளில் வரும் 'ரன்' இன்னும் கவனம் கேட்கும். பணம் போட்டவர்கள் நம்பிக்கை இழந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் அதைத் திரும்ப எடுக்க முண்டியடிப்பதையே அது குறிக்கிறது. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கி, பேங்க் ஆஃப் இங்கிலாந்திடம் அவசர உதவி நாடியது வெளியே தெரிந்ததும், அதன் கிளைகளின் வாசலில் மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள்; 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து வாடிக்கையாளர்கள் ஒரே நாளில் ஏறக்குறைய 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றபோது, பெரும்பகுதி இணையவழியிலேயே நடந்தது. இதை 'வங்கி ஓட்டம்' என்று எழுதினால், வங்கி நடத்தியவரே ஓடிவிட்டார் என்றுதான் நம் வாசகர் எண்ணுவார். சீட்டுக் கம்பெனிகளைப் பார்த்த அனுபவம் அப்படி. 'பணத்தை எடுக்க வாடிக்கையாளர்கள் முண்டியடித்தனர்' என்று விரித்து எழுதுவதே நல்லது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது நேரும் தவறு வேறு வகை. தானாக நிகழ்வதற்கு 'ஓடு', ஒருவர் நிகழ்த்துவதற்கு 'ஓட்டு' என்று தமிழ் இரண்டு வடிவங்களை வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ரன்' ஒன்றே. கடை ஓடுவதும் 'ரன்', கடையை நடத்துவதும் 'ரன்'. இது தெரியாமல் 'மேக் த ஷாப் ரன்' என்று சுற்றி வளைப்பவர்கள் உண்டு. தெரிந்துகொண்டவர்களோ, கார் ஓட்டுகிறேன் என்பதற்கு 'ஐ ரன் எ கார்' என்று சொல்லிவிடுகிறார்கள். பிரிட்டிஷ் காதுக்கு அதன் பொருள், சொந்தமாகக் கார் வைத்துப் பெட்ரோல், காப்பீடு, பழுதுச் செலவெல்லாம் தாங்குகிறேன் என்பது. ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டுவதற்கு 'டிரைவ்' தான் சொல்.

'ரன் அவுட்' கிரிக்கெட்டால் நமக்கு நன்றாகப் பழகிய தொடர். சமையலறையில் அதே தொடர், இருந்தது தீர்ந்துபோவதைக் குறிக்கும். பால் தீர்ந்துவிட்டது என்பதை 'த மில்க் ஹேஸ் ரன் அவுட்' என்று பாலை எழுவாயாக்கிச் சொல்லலாம். ஆனால் ஆங்கிலேயர் வீட்டில் அதிகம் கேட்பது 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்' என்பது. இங்கே எழுவாய் 'நாம்' ஆகிவிடுவதால், பாலுக்கு முன் 'ஆஃப்' கட்டாயம் வேண்டும். அதை விட்டுவிடுவதே நம்மவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. இதே வாக்கியத்தில் 'ஹேவ் ரேன்' என்று எழுதுவதும் தவறு. 'ரேன்' தனித்து நிற்கும் இறந்தகாலத்துக்கு மட்டும் உரியது, 'ஹேவ்' முன்னால் வந்தால் சொல் மறுபடியும் 'ரன்' ஆகிவிடும்.