மறுபடியும் ஒன்றாம் நம்பர் பில்

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்கு பைத்தான் மொழியில் பில் போடும் ப்ரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். 412 பில் வரை ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் காலையில் மண்டிக்காரர் போன் செய்தார்: "ஏனுங்க தம்பி, பில்லு மறுபடி ஒண்ணுல இருந்து வருதுங்க. மேல இருந்த நம்ம கடை படத்தையும் காணோம்."

நேரில் போய்ப் பார்த்தேன். அவர் மகன் டெஸ்க்டாப்பில் புதிதாக ஒரு ஷார்ட்கட் வைத்திருந்தான். அதன் ப்ராப்பர்ட்டீஸில் 'ஸ்டார்ட் இன்' என்ற பெட்டியில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் இருந்தது. பையன் மேல் தப்பில்லை. கடைசி பில் நம்பரை வைத்திருக்கும் செட்டிங்ஸ் ஃபைலையும் கடைப் படமான லோகோவையும் திறக்கும் வரிகளில் நான்தான் வெறும் பெயரை மட்டும் எழுதி, எந்த ஃபோல்டர் என்று சொல்லாமல் விட்டிருந்தேன். ப்ரோகிராம் டாக்குமென்ட்ஸில் தேடியிருக்கிறது. செட்டிங்ஸ் கிடைக்காததால் அங்கேயே புது ஃபைல் உண்டாக்கி 1 என்று தொடங்கிவிட்டது. 412 இருந்த பழைய ஃபைல் பழைய இடத்தில் பத்திரமாகத்தான் இருந்தது.

வெறும் பெயரைக் கொடுத்தால் ஆபரேட்டிங் சிஸ்டம் தேடுவது ப்ரோகிராம் குடியிருக்கும் ஃபோல்டரில் அல்ல, அந்த நேரம் அது நிற்கும் ஃபோல்டரில். இதைத்தான் கரண்ட் டைரக்டரி என்கிறோம். எக்ஸ்ப்ளோரரில் நேராக டபுள் க்ளிக் செய்தால் இரண்டும் ஒன்றாக அமைந்துவிடும். அதனால்தான் நம் மேசையில் எல்லாம் சரியாக ஓடுகிறது. டாஸ்க் ஷெட்யூலர் வழியாக ஓட்டினால் வழக்கமாக சிஸ்டம்32 ஃபோல்டரில் நிற்கும். லினக்ஸில் மெனுவிலிருந்து திறந்தால் பெரும்பாலும் ஹோம் டைரக்டரி.

முதல் வேலையாக, ப்ரோகிராம் தொடும் ஃபைல்களை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். லோகோ, ஃபான்ட், பில் டெம்ப்ளேட் எல்லாம் நாம் கொடுத்தவை. படிக்க மட்டுமே, அடுத்த வெர்ஷன் வந்தால் மொத்தமாக மாறும். பில் நம்பர், பிரிண்டர் தேர்வு, வரி விகிதம் எல்லாம் கடைக்காரருடையவை. ப்ரோகிராமை அழித்துவிட்டு மறுபடி போட்டாலும் அவை தங்க வேண்டும்.

நாம் கொடுத்தவற்றை, ப்ரோகிராம் தன் இருப்பிடத்திலிருந்து தேட வேண்டும். பைத்தானில் ஒவ்வொரு ஃபைலுக்கும் 'ஃபைல்' என்ற பெயரில், இரண்டு பக்கமும் இரட்டை அடிக்கோட்டோடு, தன் இடத்தைச் சொல்லும் ஒரு மாறி உண்டு. அது சொல்லும் பாதையிலிருந்து ஃபோல்டரை மட்டும் எடுத்து, லோகோவின் பெயரைச் சேருங்கள். பேக்கேஜாக எழுதுகிறவர்கள் பைத்தானோடு வரும் இம்போர்ட்லிப் ரிசோர்ஸஸைப் பயன்படுத்தலாம். விண்டோஸில் சி மொழிக்காரர்கள் கெட்மாட்யூல்ஃபைல்நேம் என்ற ஃபங்ஷனைக் கேட்பார்கள், லினக்ஸில் ப்ராக் டைரக்டரிக்குள் செல்ஃப், அதற்குள் எக்ஸ்ஈ என்ற இணைப்பைப் பார்ப்பார்கள். விண்டோ ப்ரோகிராம்கள் எழுத உதவும் க்யூட்டி லைப்ரரியில் அப்ளிகேஷன்டைர்பாத்.

பைத்தான் ப்ரோகிராமை தனியாக ஓடும்படி கட்டித்தரும் பைஇன்ஸ்டாலரில், எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக்கும் 'ஒன்ஃபைல்' முறையில் கட்டுகிறவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த ஒற்றை ஃபைல் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் டெம்ப் ஃபோல்டருக்குள் தன்னை அவிழ்த்துக்கொள்கிறது, முறையாக மூடும்போது அந்த இடத்தைத் துடைத்துவிடுகிறது. மேலே சொன்ன மாறியும் அங்கேதான் காட்டும். லோகோவைப் படிக்க அது போதும் (கட்டும்போது லோகோவையும் சேர்க்கச் சொல்லும் ஆட்-டேட்டா ஆப்ஷனைக் கொடுக்க மறக்காதீர்கள்). செட்டிங்ஸை அங்கே எழுதினால் மூடியதும் போச்சு. "சேவ் ஆகிறது, ஆனால் நிற்க மாட்டேன் என்கிறது" என்று யாராவது புலம்பினால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

கடைக்காரருடைய ஃபைல்கள் எங்கே போக வேண்டும்? ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் வேண்டவே வேண்டாம். சாதாரண பயனருக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது. விஸ்டா காலத்திலிருந்து சில பழைய 32-பிட் ப்ரோகிராம்கள் அங்கே எழுதுவதை விண்டோஸ் சத்தமில்லாமல் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். எழுதிய ஃபைல் எழுதிய இடத்தில் இல்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

விண்டோஸில் சரியான இடம் ஒவ்வொரு பயனருக்கும் உள்ள ஆப்டேட்டா ஃபோல்டர். அதில் நமக்கு வேண்டியவை ரோமிங், லோக்கல் என்ற இரண்டு. பல கம்ப்யூட்டர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் நெட்வொர்க்கில் ரோமிங் ப்ரொஃபைல் வைத்திருந்தால் ரோமிங்கில் இருப்பது பயனரோடு வேறு கம்ப்யூட்டருக்கும் போகும். அதனால் பெரிய கேஷ் ஃபைல்களை (வேகத்துக்காகச் சேர்த்து வைக்கும் தற்காலிக நகல்கள்) லோக்கலில் போடுங்கள். ஒற்றைக் கம்ப்யூட்டர் மண்டிக்கு இரண்டும் ஒன்றுதான். மேக்கில் ஹோமுக்குள் லைப்ரரி, அதற்குள் அப்ளிகேஷன் சப்போர்ட். 2011இல் வந்த லயனிலிருந்து அந்த லைப்ரரியை ஃபைண்டர் மறைத்தே வைக்கிறது.

லினக்ஸில் எந்த ஃபைல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எக்ஸ்டிஜி விதி இருக்கிறது. செட்டிங்ஸுக்கு ஹோமுக்குள் புள்ளியோடு தொடங்கும் கான்ஃபிக், டேட்டாவுக்கு புள்ளி லோக்கலுக்குள் ஷேர், கேஷுக்குப் புள்ளி கேஷ். இவை மாற்று ஏற்பாடு மட்டுமே. முதலில் 'எக்ஸ்டிஜி கான்ஃபிக் ஹோம்' என்ற என்விரான்மென்ட் வேரியபிளை (சிஸ்டம் ப்ரோகிராமுக்குக் கொடுக்கும் மதிப்பு) பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டாலும் சரி, இருந்து காலியாக இருந்தாலும் சரி, அப்போதுதான் புள்ளி கான்ஃபிக். காலியாக இருப்பதை யாரும் சோதிப்பதில்லை, நானும் சோதித்ததில்லை.

இதையெல்லாம் கையால் எழுத வேண்டியதில்லை. பைத்தானில் ப்ளாட்ஃபார்ம்டைர்ஸ் என்ற லைப்ரரி, க்யூட்டியில் க்யூஸ்டாண்டர்ட்பாத்ஸ் கேட்டால் சொல்லிவிடும். ப்ளாட்ஃபார்ம்டைர்ஸுக்கு எழுதியவர் பெயர் கொடுக்காவிட்டால் விண்டோஸில் ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் வரும். பயப்படாதீர்கள், அந்த இடத்தில் ஃபால்ஸ் என்று கொடுத்தால் போய்விடும். சி ட்ரைவ், யூசர்ஸ், பெயர், டாக்குமென்ட்ஸ் என்று பாதையைக் கையால் ஒட்டுவது மட்டும் கூடாது. டாக்குமென்ட்ஸை ஒன்ட்ரைவுக்கோ டி ட்ரைவுக்கோ மாற்றி வைத்தவர்கள் நிறைய.

தமிழில் யூசர் பெயர் வைத்த கம்ப்யூட்டரிலும் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸில் தமிழுக்கென்று பழைய ஆன்சி கோட்பேஜ் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து அட்டவணை) கிடையாது, யூனிகோட் மட்டும்தான். அதனால் ஆன்சி வழியில் ஃபைல் திறக்கும் சி லைப்ரரி எதையாவது சேர்த்திருந்தால், பாதையிலுள்ள தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். கேள்விக்குறி விண்டோஸ் ஃபைல் பெயரில் வரவே முடியாத எழுத்து, ஃபைல் எப்படித் திறக்கும்? பைத்தான் 3.6 முதல் பாதைகளைச் சரியாகக் கையாள்கிறது. ஃபைலுக்குள் தமிழ் எழுத மட்டும் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

எங்கே தேடுகிறது என்று ஊகிக்காதீர்கள், பார்க்கலாம். விண்டோஸில், ப்ரோகிராம்கள் எந்தெந்த ஃபைலைத் தொடுகின்றன என்று காட்டும் ப்ராசஸ் மானிட்டர் என்ற கருவியைத் திறந்து, உங்கள் ப்ரோகிராம் பெயரை ஃபில்டரில் போட்டு, 'நேம் நாட் ஃபவுண்ட்' என்று வரும் வரிகளைப் படியுங்கள். தேடிப்போன ஒவ்வொரு கதவும் தெரியும். லினக்ஸில் இதே வேலைக்கு எஸ்ட்ரேஸ். நான் அன்று பத்து நிமிடம் ஷார்ட்கட்டையே முறைத்துக்கொண்டிருந்ததற்கு இது இரண்டு நிமிட வேலை. இன்னொன்று: லோகோ இல்லாவிட்டால் சத்தமில்லாமல் தாண்டிப் போகும்படி எழுதியிருந்ததும் நானே. இப்போது தேடிய முழுப் பாதையையும் லாகில் எழுதுகிறேன்.

செட்டிங்ஸை எழுதும்போது அதே ஃபோல்டரில் தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதி மூடி, பிறகு பைத்தானின் ஓஎஸ் ரீப்ளேஸ் ஃபங்ஷனால் பெயரை மாற்றுங்கள். பாதியில் கரண்ட் போனால் பழைய ஃபைலாவது மிஞ்சும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராமை மாற்றுகிறீர்கள் என்றால், புது இடத்தில் செட்டிங்ஸ் இல்லாதபோது பழைய இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து நகலெடுக்கச் சொல்லுங்கள். பழையதை அழிக்க வேண்டாம். மண்டியில் செட்டிங்ஸ் ஃபைலே இரண்டு இருந்ததால் அதை மட்டும் கையால் செய்தேன். 412 இருந்ததை ஆப்டேட்டாவில் வைத்துவிட்டு, அன்று காலை அடித்திருந்த ஆறு பில்களையும் ரத்து செய்து 413இலிருந்து மறுபடி போட்டோம்.