பக்கத்து ஊர் வாசகரைப் பிடிப்பது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பாகான் செராயில் தமிழ்ப் புத்தகம் படிப்பவள் நான் ஒருத்திதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அதனால் முதல் வேலை, படிக்கிற புத்தகத்தை ஒளிக்காதீர்கள். ஒட்டுக்கடையில் பசியாறும்போது அட்டை தெரிய மேசைமேல் வையுங்கள். எனக்குத் தோசை போட்ட அக்காதான் சொன்னார்: "பாரிட் புந்தார்ல ஓர் ஐயாவும் இப்படித்தாம்மா, தே ஆறிப்போனதுகூடத் தெரியாம படிச்சிக்கிட்டு இருப்பாரு."

ஆள் கிடைத்ததும் தலைவர், பொருளாளர் என்று இறங்காதீர்கள். சங்கம் வைத்தால் சண்டையும் வரும். இரண்டு பேர் போதும். தைப்பிங், பாகான் செராய், பாரிட் புந்தார் மூன்றும் ஒரே கொமுட்டர் ரயில் தடத்தில் இருக்கின்றன. நிலையத்துக்குப் பக்கத்திலேயே சந்தித்தால் கார் இல்லாதவரும் வரலாம். ஞாயிறு காலை சரி. தைப்பூச வாரத்தில் கூப்பிடாதீர்கள், யாரும் வரமாட்டார்கள்.

அப்புறம், இரவல். ஒரு நோட்டில் பெயர், தேதி எழுதிக்கொள்ளுங்கள். நம் ஊர் ஈரத்துக்குத் தாளில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுங்கள். என் நாவல் ஒன்று 112ஆம் பக்கத்தில் மீன் குழம்புக் கறையோடு திரும்பி வந்தது. கேட்டதற்கு ஐயா, "அந்த இடத்துல கீழ வைக்க முடியலம்மா" என்றார். அடுத்த புத்தகத்தையும் அவரிடமே கொடுத்தேன்.